வாலிலிருந்து தலைக்கு

அழுத்தமானி நூற்று நாற்பது காட்டியது.
தினமும் காட்டுகிற எண்.
ஆனால் நான்காம் நிமிடத்தில் எழ வேண்டிய கஃபீன்
இன்றும் ஆறு தாண்டித்தான் வந்தது.
மஞ்சக்குட்டைக் காப்பி, மாதிரி பதினேழு.
தோட்டக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

டிஷ்யூ தாளைக் கூராக மடித்து
ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றினேன்.
பம்ப் வாய், ஈரமில்லை.
கலக்கி, ஈரமில்லை.
ஊசி வால்வில் தாளின் மூக்கு நனைந்தது.
அடியில் பாஸ்பேட் உப்பு
எறும்பு முட்டையளவில் பூத்திருந்தது.

கால் சுற்று.
அதற்கு மேல் முறுக்கினால் ஃபெரூல் நெரிந்துபோகும்.
கால் சுற்றுதான் முறுக்கினேன்.
இருநூறு. இருநூற்று எழுபது.
முந்நூற்று அறுபதில்
பம்ப் கையை விரித்துவிட்டது.

கசிவு நின்ற பிறகுதான்
அடைப்பு இருப்பதே தெரிந்தது.
ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு
இரண்டும் சேர்ந்து இத்தனை நாள்
நூற்று நாற்பது, நூற்று நாற்பது என்று
சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

ஏற்காட்டுப் பாதையில் லாரி படுத்துவிட்டால்
அடிவாரத்தில் நிற்பவனுக்கு
எந்த வளைவென்று தெரியாது.
இருபதில் ஏதோ ஒன்று.
ஏறித்தான் பார்க்க வேண்டும்.

டிடெக்டரைக் கழற்றினேன். எண் இறங்கவில்லை.
அடுத்தது காலம்;
அந்த எஃகுத் தண்டுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.
காலத்தின் வாலைக் கழற்றினேன். இறங்கவில்லை.
காலத்தின் தலையையும் கழற்றினேன். இல்லை.
வால்விலிருந்து வரும் ஒரு சாண் குழாயைக் கழற்றியதும்
ஏழுக்கு விழுந்தது.

ஒரு சாண்.
உள்ளே ஒரு தலைமுடி நுழையும்,
இரண்டு நுழையாது.

வெள்ளிக்கிழமை சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்தது.
குறிப்பேட்டில் 'மின்தடை' என்று
என் கையெழுத்து இருக்கிறது. பொய்யில்லை.
ஐந்தேகாலுக்கு மின்சாரம் வந்ததும்
ஐந்தரைப் பேருந்துக்காக
குழாயைத் தண்ணீரில் கழுவாமல் நான் ஓடியதும்
அதில் இல்லை.
சனிக்கிழமை முறை ஜெனிட்டாவுடையது.
கரைசலைச் சரியாகக் கலக்கவில்லை என்று
நான்கு நாளாக அவள் பேச்சு வாங்கினாள்.
நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

குழாயைத் திருப்பி மாட்டினோம். வெந்நீர்.
நிமிடத்துக்கு மில்லியில் பத்தில் ஒரு பங்கு.
ஜன்னலில் பனி
மிளகுக்கொடியை இலை இலையாக அழித்துக்கொண்டிருந்தது.
"வருதா?" என்றாள்.
முனையில் ஒரு துளி பருத்தது.
விழவில்லை.
இன்னும் பருத்தது.
விழுந்தது.

பிறகு எல்லாவற்றையும் பூட்டி
பத்து மில்லிக் குடுவையை வைத்து நேரம் பார்த்தோம்.
பத்து நிமிடம், நான்கு வினாடி.
அழுத்தம் நூற்று நாற்பது.
அதே எண்தான். என்னால் உடனே நம்ப முடியவில்லை;
தாளை எடுத்து இன்னொரு முறை
எல்லா மூட்டையும் ஒற்றினேன்.

குறிப்பேட்டில் வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி
'மின்தடை'க்குக் கீழே
'கழுவாமல் போனது நான்' என்று எழுதினேன்.
ஜெனிட்டா எட்டிப் படித்தாள்.
பதினேழாம் குப்பியைத் தட்டில் வைத்துக்கொண்டே
"நேரத்தையும் எழுது" என்றாள்.