பத்தொன்பது பீப்பாய்

சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம்.
பழைய நுரைக் கரைசலைச் சாக்கடையில் விடக்கூடாது,
பயிற்சிக்கும் அடிக்கக்கூடாது.
மாதேஷ் இரண்டு முறை படித்துவிட்டு
"அப்ப நெருப்பு வந்தா?" என்றான்.
வந்தால் புதுசு இருக்கிறது, ஃப்ளோரின் இல்லாதது.
கொஞ்சம் மெதுவாகப் பரவும்.
இன்னும் நாலடி கிட்டப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றவர் சென்னையில் இருக்கிறார்.

தொட்டியை மூன்று முறை அலசினோம்.
அலசிய தண்ணீருக்கும் பீப்பாய், சீல், எண்.
கையுறைகளுக்குத் தனி மூட்டை.
பதினொரு வருஷம் வெறுங்கையால் கலக்கியிருக்கிறேன் இதை.

ஏப்ரல் வந்தால் கருப்பூர்க் கிடங்கு முற்றத்தில்
பீய்ச்சி அடிப்போம்.
சேர்வராயன் மலை வெயிலில் வெளிறிக் கிடக்க
கீழே, ஏற்காடு காணாத பனி.
ஊழியர் பிள்ளைகள் இடுப்பளவு இறங்கிக் கூத்தாடும்.
ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழிந்து
வேலி தாண்டி ஓடைக்குப் போகும்.
போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.
போகாதாம்.
மண்ணில், கிணற்றில், ரத்தத்தில்
அப்படியே உட்கார்ந்திருக்குமாம்.

லாரி வந்தது.
எங்கே கொண்டு போகிறீர்கள் என்றேன்.
"எரிக்கத்தான்" என்றார் ஓட்டுநர்.
"ஆயிரம் டிகிரிக்கு மேல. வேற எதுக்கும் அசையாதுங்க."

தீயை அணைக்க வாங்கியது
தீயிலிட்டால்தான் தீருமாம்.
பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டு அலமாரியில் ஒரு படம்.
நுரைக்குள் தமிழ்நங்கை, அப்போது ஆறு வயது,
முகம் மட்டும் வெளியே,
நாக்கை நீட்டிப் பிடிக்கிறாள்.

படிவத்தில் அதற்கு வரிசை இல்லை.