இளஞ்சாம்பல்

கறுப்பென்றான் நல்லமுத்து.
கறுப்புத்தான், அதுவும் பவுடர் கோட்டிங்.
கணபதியில் ஒரு பட்டறையாம்,
ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு அடுப்பாம்,
"இட்டிலியாட்ட வெந்து வந்துருமுங்க" என்றாராம் அடுப்புக்காரர்.
சுத்தியலால் அடித்தாலும் பெயராதாம்.

நான் பேசவில்லை.
பதினோரு மாதமாய் இருகூர் ஷெட்டில்
ஞாயிறு ஞாயிறாய் அறுத்துப் பற்றவைத்த கூடு
நாலு ஸ்டாண்டின்மேல் நிற்கிறது.
உக்கடத்தில் எடைக்கு வாங்கிய மாருதி எஞ்சின்
ஓரமாய்ச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.
இணைப்புகள் நூற்று எண்பத்தாறு.
எண்ணியது நான். பற்றவைத்ததில் பாதிக்குமேல் நான்.

ஆளுக்கொரு யோசனை.
"ரெட் ஆக்சைடு அடிச்சு எனாமல் வுட்டுருங்க,
எங்க கேட்டு இருவது வருசமா நிக்குது" என்றார்
பக்கத்துத் தோட்டத்து மாரப்பன்.
கேட்டு நிற்கும். நின்ற இடத்திலேயே நிற்கும்.
கரூரில் பஸ் கூடு கட்டும் சித்தப்பா மகன்
துத்தநாகத்தில் முக்கு என்றான் போனில்.
சூட்டில் மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளுமே என்றேன்.
"அப்ப முக்காதே" என்று வைத்துவிட்டான்.

இதற்கிடையில் ஆடிக்காற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த சாரல்
தகரத்தில் ஊசி ஊசியாய்.
கடல் இல்லாத ஊர்தான் இது.
ஆனாலும் ஞாயிறு தூக்கிப்பிடித்த குழாயில்
புதன்கிழமை பார்த்தால்
ஐந்து விரலும் உள்ளங்கையும்
செம்பழுப்பாய் எழும்பி நிற்கின்றன.
அவன் கை. சுண்டுவிரல் சற்று வளைந்தது.
உப்பை நாங்களே கொண்டுவந்திருக்கிறோம்.

என் பிழைப்பு இது:
பம்ப் கம்பெனியில் வார்ப்படத்தின்மேல்
சிவப்புச் சாயம் பூசித் துடைத்து
வெள்ளை மாவைத் தெளித்துவிட்டுக் காத்திருப்பது.
பத்து நிமிடம்.
நல்லதில் ஒன்றும் வராது.
கெட்டதில், வெள்ளையைக் கீறிக்கொண்டு
மயிரிழையாய் ஒரு சிவப்பு எழும்.
ஒன்பது வருடமாய் அந்த மயிரிழைக்குத்தான் சம்பளம்.

மூன்று குப்பியைக் காசு கொடுத்து வாங்கிவந்தேன்.
நூற்று எண்பத்தைந்து வாய் திறக்கவில்லை.
பின் இடது ஆர்ம் பிராக்கெட் மட்டும் பேசியது.
இருந்ததிலேயே அழகான பற்று அது,
பூரான் முதுகுபோல் வரிவரியாய்.
நல்லமுத்து போட்டோ எடுத்து வைத்திருந்தான்.
அதன் ஓரத்தில், நக நீளம், சிவப்பு.

அவன் டார்ச் பிடிக்க
இருவரும் குனிந்து பார்த்தோம்.
"இதையும் சேத்து வேகவெச்சிருப்போம்" என்றான்.
அவ்வளவுதான். கறுப்பைப் பற்றி அப்புறம் பேச்சில்லை.

தடித்த தோல், அடியில் இரும்பு பிளந்தாலும்
மேலே பளபளவென்று சிரிக்கும்.
எட்டிமடைச் சாலையில் எண்பதில் போகையில்
அந்தச் சிரிப்பின்மேல் உட்கார எனக்கு முடியாது.

ஆகவே எபாக்சி பிரைமர்,
மேலே மெல்லிசாய் இரண்டு கை இளஞ்சாம்பல்.
துரு வந்தால் தெரியும். எண்ணெய் கசிந்தால் தெரியும்.
விரிசல் விட்டால் கறுப்புக் கோடாய்த் தெரியும்.
அழுக்கும்தான் தெரியும். துடைப்போம்.

அந்த இடத்தை அரைத்து, மறுபடி பற்றவைத்து,
மறுபடி சாயம் பூசிப் பார்த்து,
கையுறையோடு தின்னரில் துடைத்தோம்.
கைத்தடத்தைக் கடைசியாய்த் தேய்த்தேன்.
பிரியத்துக்காக விட்டுவைத்தால்
அங்கேயிருந்துதான் உரியும்.

சாம்பலைக் கலந்து பாதிக்கூடு முடித்திருப்போம்,
கரண்ட் போனது.
மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணி ஆகுமென்று
பேப்பரில் போட்டிருந்ததாம்.
கலந்த பெயின்ட் நாலு மணி நேரம் தாங்காது.
கம்ப்ரசர் அடங்கிப்போன ஷெட்டில்
ஆளுக்கொரு பிரஷ்.
மாரப்பன் சேவல் வேளை தப்பிக் கூவியது.

சீட்டுக்கு அடியில் ஓடுகிற குழாயில்
ஒரு பிரஷ் மயிர் ஒட்டிக் காய்ந்துவிட்டது.
இனி ஒவ்வொரு முறையும்
விரிசலா என்று குனிந்து
நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன்.