நீர்ச்சாவி

டியூபாவின் அடிவளைவில் சின்னதாக ஒரு சாவி உண்டு.
அழுத்தினால் தண்ணீர் சொட்டும்.
எச்சில் என்று சிறுவர்கள் விலகி ஓடுவார்கள்.
எச்சிலில்லை. மூச்சு,
பித்தளைக் குளிரில் வேர்த்தது.

வேர்வையைக் கழித்தால்
பதினான்கு மாதமாக என் உடம்பு
தானாக வெளியே விடும் தண்ணீர்
இது ஒன்றுதான்.

மற்றதை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது,
செவ்வாய், வியாழன், சனி,
தடவைக்கு நான்கு மணி நேரம்.
குடிப்பதற்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.
சூப்பும் அதற்குள் சேர்த்தி.
ஒரூரோவின் உயரத்தில் காற்றே நாக்கை உறிஞ்சிவிடும்,
உதடு வெடித்தால் ஊத முடியாது.
ஊதுமுன் ஓர் ஐஸ்கட்டியைக் கன்னத்தில் அடக்கி
அது கரையக் கரைய
விழுங்காமல் நிற்கப் பழகியிருக்கிறேன்.

இடது கையில் சிரையையும் தமனியையும்
ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள்.
அந்த இடம் ஓயாமல் இரையும்.
எங்கள் ட்ரம்பெட்காரன் ஃபிடென்சியோ காதை வைத்துப் பார்த்து
'கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கு' என்றான்.

கார்னிவல் ஊர்வலம் சனிக்கிழமை.
சனிக்கிழமை என் நாற்காலி.

எவுலோஹியா பாலாடைக்கட்டி விற்பவள்,
திங்கள் புதன் வெள்ளிக்காரி.
எடைக்கருவிக்கு வெளியே பிடித்துக் கேட்டேன்.
'உன் வாத்தியம் பூம் பூம் என்பதைத் தவிர
வேறென்ன செய்கிறது?
நீ போகாவிட்டால் யாருக்குத் தெரியும்?'
'நின்றால்தான் தெரியும்' என்றேன், 'கிட்னி மாதிரி.'
சிரித்தாள், இருமினாள்,
வெள்ளிக்கிழமையைக் கொடுத்தாள்.

கொடுத்தது கிழமையை மட்டுமா?
ஒரு நாள் தண்ணீரைக் கூடுதலாக
கணுக்காலில், கண்ணிமையில், நெஞ்சுக்கூட்டில்
எனக்காகச் சுமந்தாள்.

நான்கு கிலோமீட்டர்.
முன்னே ஆடுகிறவர்களின் முகமூடிகளில்
கண்கள் பிதுங்கி, நாக்குகள் வெளியே தொங்கும்.
அந்தத் தாகம் எனக்குத் தெரியும்.
வலது தோளில் பத்துக் கிலோ.
இரண்டு அடிக்கு ஒரு ஸ்வரம்,
இரண்டு அடிக்கு ஒரு ஸ்வரம்,
மூச்சு எங்கே கிடைத்ததென்று கேட்காதீர்கள்.

மாடியிலிருந்து எவனோ எறிந்த தண்ணீர் பலூன்
நேரே டியூபாவின் வாய்க்குள் வெடித்தது.
ஸ்வரம் கொப்புளித்தது.
சுற்றிலும் ஒரே சிரிப்பு.
வரிசையை விட்டு விலகி, கழற்றி,
தலைகீழாகக் கவிழ்த்தேன்.
கொட்டிக்கொண்டே இருந்தது.
முக்கால் லிட்டர் இருக்கும்.
கல்லிடுக்குகளில் அது ஓடி மறையும்வரை
பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.
ஃபிடென்சியோ திரும்பிக் கத்தினான்:
'பாஸ் எங்கே? பாஸ் எங்கேடா?'

ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை
மூன்றரைக் கிலோ தண்ணீரோடு போய்ச் சாய்ந்தேன்.
நர்ஸ் திட்டிக்கொண்டே ஒரு பொட்டலம் தந்தாள்.
சனிக்கிழமை அவள் விட்டுப்போனதாம்.
காகிதத்துக்குள் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி,
எங்கள் இருவருக்குமே விலக்கு.

ஃபிடென்சியோவிடம் கொடுத்தேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே
முழுக்கத் தின்றான்.