நாலுக்கு மூணு

அருமனையில் இடம் வாங்கிய கையோடு
தகரக் கொட்டகையில் குடியேறினேன்.
இருபது மூடை சிமெண்டு,
மிச்ச இடத்தில் கட்டில்.

ரசலையன் கொத்தனார் ஏழு மணிக்கு வருவார்.
எட்டுக்குச் சாயா.
எட்டரைக்கு அரசியல்.
பிறகு ஒரு கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்து
"செரியாத்தான் நிக்கிது" என்பார்.
தூக்குக்குண்டு அவர் பைக் கண்ணாடியில்
சும்மா தொங்கும்.

செல்லப்பூ தலையில் பதினொரு கல்.
காதில் போன், மறுமுனையில் சீட்டுக்காரன்.
கல் அசையாது.
அவன்தான் அசைந்துகொடுப்பான்.

மழை பிடித்த மூன்று நாள்
ரப்பரும் வெட்டவில்லை, சுவரும் ஏறவில்லை.
எல்லாரும் என் கொட்டகையில்தான்:
மரச்சீனி, மத்திக் குழம்பு, என்னுடைய ஒரே தட்டு.
வேலையில்லாத நாளில் ஏன் வந்தீர்கள் என்று
கேட்க வெட்கமாக இருந்தது.

தெற்கு ஜன்னல் வரைபடத்தில் இல்லை.
"காத்து அங்கேருந்துதான் வரும்" என்றாள் செல்லப்பூ.
வேண்டாம் என்றேன்.
"செரி" என்றார் ரசலையன்,
ரொம்பச் சீக்கிரமாக.

ஊருக்குப் போய்த் திரும்பினால்
தெற்குச் சுவரில்
நாலுக்கு மூணு ஓட்டை.
"கல்லு தீந்துபோச்சு."

முற்றத்தில் ஒரு லோடு கல்.
அதன்மேல் உட்கார்ந்துதான்
சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.