ஆறு மாதிரி

வாரியத்து ஜீப் உத்தமசோழபுரம் வந்து சேர
பதினொன்று ஆகிவிடும்.
நடுவில் டீ. போன வாரம் போண்டாவும்.
கயிறு கட்டிய வாளியை இறக்குவது என் வேலை.
ஒப்பந்தக் கூலி. கையுறை சொந்தச் செலவு.

இன்றைக்கு ஆறு மாதிரி எடுக்க வேண்டும்.
முதலாவது சேர்வராயன் அடிவாரத்தில்,
ஒப்பிட்டுப் பார்க்க.
அங்கே கூழாங்கல் தெரிந்தது, ஒரு நண்டு தெரிந்தது.
ஆறாவது இங்கே.
ஆறு, ஆறு மாதிரி இருக்க வேண்டும் என்று
படிவத்தில் எங்கும் இல்லை.

பதினொரு மணிக்குத் திருமணிமுத்தாறு
வெறும் சாம்பல் நிறம். கரையோரம் கொஞ்சம் நுரை.
பகலில் அது நல்ல பிள்ளை.

பாவாயி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்,
முந்தானைக்குள் ஒரு குவார்ட்டர் பாட்டில்.
"ராத்திரி ரெண்டேகாலுக்கு மொண்டது சார்.
டார்ச்சடிச்சுப் பாத்தா
பீட்ரூட் வேகவெச்ச தண்ணியாட்டம் போச்சு."

"சீல் இல்லாம லேப்ல வாங்க மாட்டாங்கம்மா."

"எங்க கெணறு வாங்கிக்குதே."

சார் செல்போனைப் பார்த்தார்.
நான் கயிற்றைச் சுற்றினேன், ஏற்கெனவே சுற்றியிருந்த கயிற்றை.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று
தொழில்களுக்கு வாரியம் நிறம் பிரித்து வைத்திருக்கிறது.
அம்மாபேட்டை துளசிராமுக்கு இரண்டே தொட்டி. சிவப்பு.
மார்ச்சில் கரண்ட்டைப் பிடுங்கினோம்.
ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்.
அவர் சண்டை போடவில்லை.
நீலம் ஏறிய நகத்தால்
தெற்கே, சுற்றுச்சுவருக்குள் நின்ற புகைபோக்கியைக் காட்டி
"அதுக்கும் இதே ஏணிதானா தம்பி?" என்றார்.

அதுவும் சிவப்புதான்.
அதற்கு நோட்டீஸ்,
நோட்டீசுக்குப் பதில், பதிலுக்கு அவகாசம்,
அவகாசத்துக்கு நீட்டிப்பு,
அலமாரிக் கதவு இப்போது மூடுவதில்லை.
அந்த ஏணி இன்னும் அங்கே போகவில்லை.

ஐஸ் பெட்டியில் ஆறு குழிகள்.
பாவாயி கையை நீட்டியபடியே நின்றாள்.
ஏழாவதை என் சோற்றுப் பையில்
தயிர்சாதப் போசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
நல்லவர், அந்த அளவுக்கு.

லேபில் வாங்கவில்லை.
ஆற்றில் கொட்டவும் மனசில்லை,
அங்கிருந்துதானே வந்தது.

இப்போது என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது.
மேலே தெளிந்துவிட்டது,
பார்க்கிறவர்கள் தண்ணீர் என்றே நினைக்கிறார்கள்.
அடியில் ஒரு விரற்கடை வண்டல்.

சின்னவள் எடுத்துக் குலுக்குகிறாள்.

மறுபடி
ராத்திரி ரெண்டேகால்.