ஒருதரம் அடித்தால் நண்டு

மீன்விலை சொல்லுகிற அந்த அப்பை நாங்கள் செய்தது
பலாலி வீதியில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில்,
ஏசி போட்ட அறையில்.
நாலு பேர், மூன்று மாதம், கணக்கில்லாத பிளேன்ரீ.
ஒருவருக்கும் மீன் கூறத் தெரியாது.
துவாரகன் சுத்த சைவம்.

பாசையூருக்கு ஒருக்கா போய்ப் பாத்திட்டு வருவமா
எண்டு ஆரோ கேட்ட ஞாபகம்.
நானாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
அன்றைக்குச் சண்டை லோகோவின் நிறம் பற்றி:
கடல் நீலமா, வான நீலமா.
விடிய நாலரைக்குப் பாசையூர்க் கடல் கறுப்பு.
அது பிறகுதான் தெரிந்தது.

அறையில் எல்லாம் ஓடியது.
அறையில் ஓடாதது எது?
வைஃபை இருந்தது. புது ஃபோன் இருந்தது.
காய்ந்த விரல் இருந்தது.

வெளியிட்டு ஒன்பதாம் நாள் நான் போனேன்.
யூஜினிக்கு என் வயதுதான் இருக்கும்.
திருநெல்வேலிச் சந்தைக்கு நண்டு எடுக்கிறவள்.
ஃபோனைச் சொப்பிங் பையால் சுற்றி
றப்பர் பான்ட் போட்டிருந்தாள்.
பைக்கு மேலால் அழுத்தினாள். அழுத்துப்படவில்லை.
செதிலைத் துடைத்துவிட்டு இன்னொருதரம்.

பெயர் கேட்டது, கொடுத்தாள்.
ஈமெயில் கேட்டது, தங்கச்சியின் மகனுடையதைக் கொடுத்தாள்.
கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தாவது வேண்டும் என்றது.
தமிழில் ஏது பெரிய எழுத்து?
பிறகு, அவளுடைய தொடர்புகளை எல்லாம்
பார்க்கட்டுமா என்று கேட்டது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"மீன் விலை சொல்லுறதுக்கு
என்ரை ஆக்களின்ரை நம்பர் உங்களுக்கு என்னத்துக்கு?"

எங்கிருந்தோ பிரதி பண்ணிய வரி அது,
அழிக்க மறந்தோம் என்று சொல்லியிருக்கலாம்.
இந்த ஊரில் பெயர்களைக் கேட்பது
சின்னக் கேள்வி அல்ல.
அதைத் தெரிந்த ஊரில்தான் நானும் பிறந்தேன்.
மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் கூறத் தொடங்கிவிட்டார்கள்.
ஆயிரத்து நானூறு, ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது.
திரையில் வட்டம் சுற்றியது.
அறுநூறு. வட்டம்.
அறுநூற்றைம்பது, ஒருதரம். வட்டம்.
நண்டு லொறியில் ஏறிய பிறகு விலை வந்தது.
நேற்றைய விலை.
நேற்றைய விலை என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவளுடைய பழைய ஃபோனில்
கொய் மீனின் கொம்பும் காலும் கழன்று
ககரம் நடுவே தனியாகக் கிடந்தது,
வெட்டிக் கூறு போட்ட மாதிரி.

ஏழு மணிக்கு ஃபோன் செத்தது.
அவள் எங்கே நிற்கிறாள் என்று
நிமிசத்துக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் அப்.
அவள் நின்ற இடத்திலேயேதான் நின்றாள்.

"முந்தி எப்பிடி விலை அறிவியள்?"
முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"கொழுந்தன் கரையிலை நிண்டு மிஸ்ட் கோல் அடிப்பான்.
ஒருதரம் அடிச்சா நண்டு. ரெண்டுதரம் கணவாய்.
அடிக்காட்டி, படுத்து நித்திரை கொள்ளலாம்."

மேல்மாடியில் இதைச் சொன்னேன்.
"சனத்துக்குப் பழக்கமில்லை, போகப் போகச் சரிவரும்,"
என்றான் துவாரகன்.
பிறகு தன் ஃபோனைக் குழாயின் கீழ் நனைத்து
நனைந்த விரலால் திறந்து பார்த்தான்.
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு இருந்து அழித்தோம்:
ஈமெயிலை, கடவுச்சொல்லை, நாலு அனுமதிகளை,
ஆருமே கேட்காத மீன் சமையல் பகுதியை.
எழுதியதைவிட அழித்தது அதிகம்.

இருந்தும் ஒன்று தப்பிவிட்டது.
ஞாயிறு பூசை, நடுவில் அமைதி,
யூஜினியின் பைக்குள் இருந்து கத்தியது:
"உங்களைக் காணவில்லையே! திரும்பி வாருங்கள்!"
கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம்.
வாசலிலேயே அப்பைக் கழற்றிவிட்டாள்.
ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

இன்று விடிய நாலு நாற்பதுக்கு
என் ஃபோன் ஒருதரம் அடித்து நின்றது.
தெரியாத நம்பர்.
திருப்பி எடுக்கப் போன விரல் பாதியில் நின்றது.

நண்டு.