ஏற்காடு வழி சந்திரன்

புதுப் பேருந்து நிலையத்து மின்பலகையில்
இரவு எட்டு இருபதுக்கு
'ஏற்காடு வழி சந்திரன்' என்று
சிவப்பு எழுத்து ஓடியது.
இருபது வளைவு வரை வண்டி, அதற்கு மேல் கயிறு.
நின்று வருவோர்க்கு அரை டிக்கெட்.
பின்னாலேயே ஒரு வௌவால் படம்.
அதற்கும் பின்னால்:
நேரக்காப்பாளர் தூங்குகிறார், எழுப்பாதீர்.

நேரக்காப்பாளர் நான்தான்.
தூங்கவில்லை,
தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தேன்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தச் சிரித்தேன்.

நிலையமே சிரித்தது.
ஓவர்டைம் பாக்கி வராத நடத்துநர் மாதையன்
பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்.
"யாரு பெத்த புள்ளைங்களோ
மகராசனா இருக்கட்டும்" என்றாள்
பூ விற்கும் செங்கமலம்.
படமெடுத்து
எழுபத்து மூன்று பேருக்கு அனுப்பினேன்.
சூரமங்கலத்திலிருந்து மச்சான் கூப்பிட்டு
கல்யாண மண்டபமே சிரிக்குது மாமா என்றான்.

பெயர் வைத்தது நாங்கள்தான்.
வௌவால் சங்கம்.
அம்மாப்பேட்டைப் பையன்கள் என்றார்கள் அம்மாப்பேட்டையில்.
குகையில் ஒத்துக்கொள்ளவில்லை:
வௌவாலு வேற எங்கே இருக்கும்?

நாகலூர் கடைசி வண்டி
எந்த மேடை என்று அன்று பலகை சொல்லவில்லை.
நான் கத்திச் சொல்லியிருக்கலாம்.
வாய் வேறு வேலையாக இருந்தது.
விடிகாலை பெஞ்சில் லூர்தம்மாள்,
மடியில் ஆஸ்பத்திரிப் பை.
"நானும் சிரிச்சேனுங்க,
திரும்பிப் பார்த்தா வண்டியக் காணோம்."

பலகைக்குப் பொறுப்பு ஷமீமா, ஒப்பந்த ஊழியர்.
கடவுச்சொல் 'சேலம்123',
வைத்தது மேலதிகாரி.
மாற்றச் சொல்லி இரண்டு கடிதம் எழுதியிருந்தாள்.
கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.
அவளைத்தான் எடுத்துவிட்டார்கள்.
அஸ்தம்பட்டியில் ஒரு துணிக்கடையில்
இப்போது பில் போடுகிறாள்.
சிரித்ததற்காக
எங்கள் யாருக்கும் மெமோ வரவில்லை.

ஆடித் திருவிழா வாரம்.
கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம்
நகர இடமில்லாத கூட்டம்.
எல்லார் செல்போனிலும் ஒரு பட்டியல் வந்து விழுந்தது.
ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பட்டியல்.
பெயர், தெரு, என்ன சோதனை, என்ன முடிவு.
மேலே அதே வௌவால்.
என் பெயரும் இருந்தது. சர்க்கரை.
போகட்டும், அது இனிப்பு விற்கும் ஊருக்கே தெரியும்.
மாதையன் பெயர் இருந்தது.
என்ன சோதனை என்று நான் எழுத மாட்டேன்.
டீக்கடையில் அவருக்கு மட்டும்
மறுநாளிலிருந்து காகிதக் கோப்பை.

"கட்டையில போறவனுங்க,
கைய முறிக்க வேணாமா?"
செங்கமலம்தான். அதே வாய்.
அவள் மருமகளும் அந்தப் பட்டியலில்.

கொண்டலாம்பட்டிப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள்.
பிரணேஷ், பாலிடெக்னிக், பத்தொன்பது வயது.
கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தான்,
காது இரண்டும் வெளியே சிவந்திருந்தன.
பலகை நாங்கதான் சார், லேப் சத்தியமா நாங்க இல்லை,
என்றானாம்.
ஊர் நம்பவில்லை.
நான் பாதி நம்பினேன்.
வௌவால் படத்தை எடுத்துப் போட்டுக்கொள்ள
எவனுக்கு எவ்வளவு நேரமாகும்?
எழுபத்து மூன்று பேருக்கு
நானே அனுப்பிவைத்த படம்.

பலகை இப்போது ஒழுங்காக ஓடுகிறது.
நம்பாமல் நானும் கத்துகிறேன்,
ஏற்காடு ஏற்காடு, நாகலூர் மூணாம் மேடை.
அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.
'அதற்கு மேல் கயிறு' என்ற இடத்தில்
உதடு இன்னமும் தானாக விரியும்.

நேற்று எட்டு இருபதுக்குக்
கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்:
"சந்திரனுக்கு எப்பங்க எடுப்பீங்க?"
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
படிக்கட்டில் மாதையன்.
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
விசில் வாயில் இருந்தது,
ஊதவில்லை.